கொனோரியா: கிருமி வளர்ப்புப் பரிசோதனையைப் பற்றி அறிந்துகொள்ளுங்கள்

கொனோரியா என்பது உடலுறவின் மூலம் பரவும் கிருமித் தொற்று. இதை வெட்டை நோய் என்றும் சொல்வதுண்டு. இது இளையர்களுக்கு மட்டுமே வரும் நோயன்று. உடலுறவு கொள்ளும் எவருக்கும், எந்த வயதிலும் தொற்றலாம். சரியான மருந்து கொடுத்தால் இது குணமாகும். எந்த மருந்து சரியானது என்பதை அறிய உதவுவதுதான் கிருமி வளர்ப்புப் பரிசோதனை.

அறிகுறிகள் யாவை?

• சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல்
• ஆணுறுப்பிலிருந்து சீழ் வடிதல், விரையில் வலி அல்லது வீக்கம்
• பெண்களுக்கு வழக்கத்திற்கு மாறான வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி
• ஆசனவாயில் வலி அல்லது கசிவு

சிறுநீர் எரிச்சலை உடற்சூடு என்று நினைத்து, பார்லித் தண்ணீரும் இளநீரும் குடித்துக் காத்திருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றாலும் எரிச்சல் வரலாம், கொனோரியாவாலும் வரலாம். பரிசோதித்தால்தான் காரணம் தெரியும். பெண்கள் பலருக்கும், தொண்டையில் தொற்று உள்ளவர்களுக்கும் அறிகுறி எதுவுமே தெரியாமல் இருக்கலாம்.

கவனிக்காமல் விட்டால் கிருமி இரத்தத்தில் கலந்து மூட்டுகளைத் தாக்கக்கூடும். அந்த வீக்கத்தையும் வலியையும் மூட்டுவாதம் என்று தவறாக எண்ணிவிடலாம்.

பரிசோதனை எப்படிச் செய்யப்படுகிறது?

மருத்துவர் அல்லது தாதி, மென்மையான முனையுள்ள மெல்லிய குச்சியால் மாதிரி எடுப்பார். ஆண்களுக்குச் சிறுநீர்த் துவாரத்திலிருந்தும், பெண்களுக்குக் கருப்பை வாயிலிருந்தும் எடுக்கப்படும். தேவையானால் தொண்டையிலிருந்தும் ஆசனவாயிலிருந்தும் எடுப்பார்கள். சற்று எரிச்சலாக இருக்கலாம். ஆனால் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

உடலுக்கு வெளியே இந்தக் கிருமி விரைவில் இறந்துவிடும். அதனால் மாதிரி உடனே ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்படும். அங்கே கிருமிக்கு ஊட்டம் தரும் கூழ் நிரப்பிய தட்டில் மாதிரியைத் தடவுவார்கள். சூடாக்கிய இரத்தம் கலந்திருப்பதால் அந்தக் கூழ் சாக்லெட் நிறத்தில் இருக்கும். தட்டு ஏறக்குறைய நம் உடலின் வெப்பநிலையில் வைக்கப்படும். கிருமி இருந்தால் 1 முதல் 3 நாள்களில் சிறு புள்ளிகளாக வளரும்.

வளர்ந்த கிருமியின் மேல் பல மருந்துகளைச் சோதித்து, எது அதைக் கொல்கிறது, எது கொல்லவில்லை என்று பார்ப்பார்கள். முழு முடிவு கிடைக்கச் சில நாள்கள் ஆவது இதனால்தான்.

சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் போதாதா?

சிறுநீரில் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை விரைவானது. கிருமி குறைவாக இருந்தாலும் அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் எந்த மருந்து வேலை செய்யும் என்பதைச் சோதித்துப் பார்க்க உயிருள்ள கிருமி தேவை. அதனால் மருத்துவர் இரண்டையும் செய்யச் சொல்லலாம்.

ஒரு காலத்தில் கொனோரியாவுக்குப் பென்சிலின் ஊசி போதுமானதாக இருந்தது. 1976ஆம் ஆண்டில், பென்சிலினையே சிதைக்கும் கொனோரியா கிருமிகள் கண்டறியப்பட்டன. பிறகு வந்த சிப்ரோஃப்ளோக்சசின் மாத்திரையும் இன்று பெரும்பாலும் பலன் தருவதில்லை. இப்போது பொதுவாகச் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போடப்படுகிறது. மருந்துகளை எதிர்க்கும் கிருமிகளைக் கவனித்துவர வளர்ப்புப் பரிசோதனை தேவைப்படுகிறது.

பரிசோதனைக்கு முன்

• வீட்டில் மீதமிருக்கும் ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளைச் சாப்பிடாதீர்கள். பிறருக்குக் கொடுத்த மருந்தையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அரைகுறையாக மருந்து சாப்பிட்டால் தட்டில் கிருமி வளராமல் போகலாம். ஆனால் உடலில் அது தங்கியிருக்கலாம்.
• ஏற்கெனவே ஏதேனும் மருந்து சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.
• மாதிரி கொடுப்பதற்கு முன் 2 மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருக்க முயலுங்கள். அடக்க முடியாவிட்டால் தாதியிடம் தெரிவியுங்கள்.
• பெண்கள் முதல் நாளிலிருந்தே பிறப்புறுப்பின் உட்புறத்தைக் கழுவவோ கிரீம் தடவவோ வேண்டாம்.
• நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டு வாருங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

முடிவு வந்த பிறகு

மாதிரி எடுத்த அன்றே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம். வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு வேறு மருந்தைக் காட்டினால், சிகிச்சை மாற்றப்படும். எனவே, ஊசி போட்டதும் எரிச்சல் குறைந்துவிட்டது என்று மறுசந்திப்பைத் தவறவிடாதீர்கள்.

சிகிச்சை முடிந்த பின் 7 நாள்களுக்கு உடலுறவைத் தவிர்க்க வேண்டும். கணவரோ மனைவியோ துணைவரோ பரிசோதிக்கப்படாவிட்டால், தொற்று மீண்டும் உங்களுக்கே வரக்கூடும். ஒருமுறை வந்து குணமானவருக்கு இது மறுபடியும் வராது என்று சொல்ல முடியாது. ஆணுறை பயன்படுத்துவது ஆபத்தைக் குறைக்கும்.

கூச்சமாக இருக்கிறதா?

பிள்ளைகளுடன் மருந்தகத்திற்கு வந்தாலும், மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். தமிழில் பேச உதவி தேவைப்பட்டால் தாதியிடம் கூறுங்கள். நீங்கள் சொல்வது இரகசியமாக வைத்துக்கொள்ளப்படும். பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ ஆலோசனை பெறலாம். பாலியல் நோய்களுக்கென்றே கிளந்தான் லேனில் டிஎஸ்சி மருந்தகம் உள்ளது.

எரிச்சலோ சீழோ இருந்தால், மாத்திரையைத் தேடாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.