காஞ்சிப் பட்டும் ஜெனீவா சபையும்

காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் கரைக்கு ஒரு நிறம். உடலுக்கு ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே இணைப்பதற்குக் "கோர்வை" என்று பெயர். நெசவாளியோடு, கரை நாடாவைத் தள்ள ஓர் உதவியாளும் வேண்டும். இருவர் கையும் பழகினால்தான் இணைப்புச் சீராக அமையும்.

நாடுகளும் இப்படித்தான்! கூடி உட்கார்ந்து பேசப் பேச, ஒன்றின் வழக்கத்தை மற்றொன்று கற்றுக்கொள்கிறது. அதனால் காஞ்சிபுரத்துத் தறிக்கும் ஒரு நன்மை கிடைத்திருக்கிறது.

முதலில் எதிர்ப்பு

1986-ல் உருகுவே நாட்டில் உலக வர்த்தகப் பேச்சு தொடங்கியது. காப்புரிமைக்கும், பொருள்களின் பெயர் உரிமைக்கும் உலக விதி வேண்டும் என்று பணக்கார நாடுகள் கேட்டன. இந்தியா கடுமையாக எதிர்த்தது. மருந்து விலை ஏறிவிடும் என்ற அச்சம் ஒரு காரணம்.

பிறகு அமெரிக்காவின் நெருக்கடியும், ஏற்றுமதி பற்றிய கவலையும் இந்தியாவை இணங்க வைத்தன. 1994-ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1995 ஜனவரி 1-ந் தேதி உலக வர்த்தக ஸ்தாபனம் பிறந்தது.

பழக்கம் செய்த மாற்றம்

அதன் தலைமையகம் சுவிட்சர்லாந்திலுள்ள ஜெனீவா நகரம். அங்கே அதிகாரிகள் ஆண்டுக்குப் பல முறை கூடுகிறார்கள். தங்கள் நாட்டுச் சட்டத்தை விளக்குகிறார்கள். பிறர் கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

வேண்டாவெறுப்பாக ஏற்ற விதிகளிலும் தனக்கு நன்மை உண்டு என்பதை இந்தியா கண்டது. அதுதான் "புவிசார் குறியீடு". அதாவது, ஊரின் பெயர் அந்த ஊர்ப் பொருளுக்கே சொந்தம்.

1999-ல் பார்லிமெண்டு இதற்குச் சட்டம் செய்தது. 2003-ல் அது அமலுக்கு வந்தது. பதிவு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டும் பதிவாயிற்று. வேறு ஊர்த் துணியைக் காஞ்சிப் பட்டு என்று சொல்லி விற்றால் சிறைத் தண்டனையும் உண்டு.

இன்னும் ஒரு குறை

உலக விதியில் மதுவுக்குத் தனிச் சலுகை! வேறு ஊர் மதுவை "ஷாம்பேன் மாதிரி" என்றுகூடச் சொல்லக் கூடாது என்பது பொது விதி. ஆனால் வெளிநாட்டில் "காஞ்சிப் பட்டு மாதிரி" என்று விற்பவரைத் தடுக்க, வாங்குபவர் ஏமாறுகிறார் என்று நிரூபிக்க வேண்டும்.

இந்தச் சலுகை எல்லாப் பொருளுக்கும் வேண்டும் என்று 2008-ல் நூறுக்கு மேற்பட்ட நாடுகள் கேட்டன. அவற்றில் இந்தியாவும் ஒன்று. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இணங்கவில்லை.

அன்று விதியே வேண்டாம் என்ற இந்தியா, பின்னர் விதியை இறுக்கச் சொன்னது! இதில் சொந்த லாபம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த லாபம் எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொடுத்தது, சபையில் பழகிய பழக்கமே.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. கலியாணத்துக்குச் சேலை எடுக்கும் குடும்பத்தினர், "இது காஞ்சிபுரத்தில் நெய்ததா?" என்று கேட்டு வாங்க வேண்டும். அப்போதுதான் நெசவாளியின் கூலி நிலைக்கும்.