ஒலியால் காணும் கலை

ஓரிக்கையில் எங்கள் இல்லத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. உணவு உண்டபின் என் துணைவியாருக்கு வலப்புற விலாவின் கீழ் கடும் வலி தோன்றும். ஸ்கேன் எடுத்த ஓரிடத்தில், ‘பித்தப்பை இயல்பாக உள்ளது’ என்று எழுதிக் கொடுத்தனர். மல்லாந்து படுத்த நிலையில் மூன்று நிமிடத்தில் முடிந்த ஆய்வு அது. அதை நம்பி ஐந்து மாதம் வயிற்றுப்புண்ணுக்கு மருந்து உண்டார். வலி தீரவில்லை.

பின்னர் சென்னையில், மாணவர்கள் பயிலும் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றோம். பட்டமேற்படிப்பு மாணவி ஒருவர் ஸ்கேன் செய்தார். அவருக்கும் ஒன்றும் தென்படவில்லை. பின்னால் நின்றிருந்த பேராசிரியை, “இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள்” என்றார். திரையில் வெண்ணிறப் புள்ளி ஒன்று மெல்ல உருண்டு வந்தது. பித்தப்பையின் கழுத்து மடிப்பில் ஒளிந்திருந்த கல் அது. கருவி பழுதானதன்று, கல்லும் புதிதாக முளைத்ததன்று. அப்படியாயின் முன்னர் அது ஏன் புலப்படவில்லை?

மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். வயிற்றை ஆயும் மீயொலியோ வினாடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் முதல் 50 இலட்சம் அதிர்வுகள் கொண்டது. 1880இல் கியூரி சகோதரர்கள் படிகங்களில் கண்டறிந்த மின்பண்பே இக்கருவிக்கு மூலம். ‘புரோப்’ எனப்படும் கைக்கருவி ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்குகிறது. உடலின் மென்திசுக்களில் ஒலி வினாடிக்கு 1,540 மீட்டர் செல்வதாகக் கொண்டு, எதிரொலி திரும்பும் நேரத்திலிருந்து ஆழத்தைக் கணித்துப் படம் வரைகிறது. காற்று இடைப்பட்டால் ஒலி தடைப்படும். தோலில் பூசும் பசை அதற்காகவே. கல்லின் பின்னே ஒலி செல்லாது, கரிய நிழல் விழும். நீர்க்கட்டியின் பின்னேயோ இயல்பைவிட வெண்மை தோன்றும். இந்த நிழலும் வெண்மையும் உறுப்புகள் அல்ல. ஒலியின் போக்கு விட்டுச்செல்லும் தடயங்கள். தடயத்தைப் பொருளென மயங்காமலும், தடயத்தைக் கொண்டு பொருளை அறியவும் மாணவர் பழகவேண்டும்.

பார்வை கண்ணோடு முடிவதில்லை என்பதை 11ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியவர் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைஸம். ஒளியும் நிறமும் புலனுக்கு எட்டுகின்றன. இன்ன பொருள் இது என்பதோ முன்னறிவும் ஒப்பீடும் சேர்ந்த தீர்ப்பு என்று ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் அவர் ஆராய்ந்தார். ஸ்கேன் அறையில் இக்கூற்றுக்கு நாள்தோறும் சான்று கிடைக்கிறது.

கிளாஸ்கோவில் இயன் டொனால்டு தம் கூட்டாளிகளுடன் 1958இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரையே மகப்பேற்றுத் துறையில் இக்கலைக்கு வாயில் திறந்தது. அறுவைக்கு அப்பாற்பட்ட இரைப்பைப் புற்றுநோய் எனக் கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது பெரிய சூலக நீர்க்கட்டி என மீயொலி காட்டிற்று. கட்டி அகற்றப்பட்டது, அப்பெண் பிழைத்தார்.

மேலைநாடுகள் பலவற்றில் தொழில்நுட்பர் படமெடுப்பார். மருத்துவர் அதைப் பார்த்து அறிக்கை எழுதுவார். நம் நாட்டிலோ பெரும்பாலும் மருத்துவரே புரோப்பை ஏந்துகிறார். ஆகவே 1934இல் சென்னையில் தொடங்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிறுவனம் முதலான இடங்களில் மூன்றாண்டு எம்.டி. பயில்வோர் கண்ணை மட்டுமன்றிக் கையையும் பயிற்றுவிக்க வேண்டியவர்கள். குடல்வாலை ஆய்பவர் புரோப்பைச் சிறிது சிறிதாக அழுத்திக் குடலின் காற்றை விலக்கவேண்டும். 1986இல் டச்சு மருத்துவர் புய்லார்ட் விவரித்த முறை இது. திடீரென அழுத்தினால் நோயாளி துடிப்பார், குடல்வாலும் தென்படாது. இத்தனை அழுத்தம் போதும் என்பதை எந்த நூல் எழுதிக் காட்டும்? காஞ்சிக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேருமிடத்தை நெசவாளர் அருகமர்ந்தே பழகுவதை எங்கள் ஊரார் அறிவர். அரபிக் கல்லூரியில் கிதாபை உஸ்தாதின் முன் ஓதிக் காட்டியே இஜாஸத் பெறுகிறோம். இங்கும் மாணவர் செய்யக் கண்டு திருத்த ஓர் ஆசிரியர் வேண்டும்.

கையோடு பிணிகளின் அறிவும் வேண்டும். டெங்குக் காய்ச்சலில் பித்தப்பையின் சுவர் தடித்துக் காணும். அதை அறியாதவர் பித்தப்பை அழற்சி என எழுதிவிட்டால், நோயாளி வேண்டாத அறுவைக்குச் செல்லக்கூடும். தமிழகத்தில் மழைக்கால இரவுப்பணி ஏற்கும் மாணவர் இதை முதலில் கற்பது நலம்.

கண்டதைச் சொல்லாதிருக்கவும் அவர் கற்கவேண்டும். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தை வெளிப்படுத்துவது மூன்றாண்டுவரை சிறைக்குரிய குற்றம். பெண்மகவைப் புதைத்த ஜாஹிலிய்யாக் காலம் ஸ்கேன் அறைக்குள் திரும்பி வந்ததாலேயே இச்சட்டம் தேவைப்பட்டது. இத்துறையில் பட்டமேற்படிப்பு இல்லாத எம்.பி.பி.எஸ். மருத்துவருக்காக 2014ஆம் ஆண்டு விதிகள் ஆறு மாதம், 300 மணி நேரப் பயிற்சியை வகுத்தன. மூன்றாண்டோடு ஒப்பிட அது குறைவென்பது என் கருத்து; ஆயினும் எந்தப் பயிற்சியும் இன்றிக் கருவி வாங்கி அமர்வதினும் மேலானது.

அன்று கல் தென்பட்டதும் பேராசிரியை மாணவியைக் கடிந்துகொள்ளவில்லை. “நிழல் விழுகிறதா, உருள்கிறதா, இரண்டையும் பார்த்து எழுதுங்கள்” என்று மட்டும் சொல்லி அடுத்த அறைக்குச் சென்றுவிட்டார். மாணவி என் துணைவியாரிடம் தயங்கியபடி, “அம்மா, இன்னொரு முறை நானே பார்க்கட்டுமா?” என்றார். இவரும் மறுக்காமல் மீண்டும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தார்.