எந்தப் பெட்டி வாங்கலாம்?

மாணவர் வாழ்க்கையில் பொழுதுபோக்கு வேண்டுமா என்று கேட்போர் உண்டு. வேண்டும் என்பதே நம் விடை. பகல் முழுதும் ஆய்வுக்கூடத்தில் நின்றுவிட்டு, வேற்றுமொழி வழங்கும் ஊரில் தன் அறைக்குத் திரும்பும் தமிழ் மாணவனுக்கு, இரவில் பார்க்கும் ஒரு தமிழ்ப் படம் இரண்டரை மணி நேரம் ஊருக்குப் போய்வருவதற்கு ஒப்பாகும். விடுமுறையில் நால்வர் கூடி ஆடும் விளையாட்டும் அப்படியே. ஆனால் இவற்றுக்கு வேண்டிய தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது? பெற்றோர் அனுப்பியதிலும் உதவித்தொகையிலும் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது. ஒருமுறை வீணாக்கினால் மறுமுறை கிட்டாது. எனவே, நடுத்தர அளவுள்ள ஒரு பெட்டியைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை ஆராய்வோம்.

நம் பக்கத்து ஊர்ப் பொருள்

நாயுடுபேட்டையிலிருந்து காளத்தி வழியாகத் திருப்பதிக்கு வரும் நண்பர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நாம் கடையில் விலை கேட்கும் பெட்டிகளுள் பல, இந்தச் சாலையின் மறுகோடியில் உருவானவை. 2018ஆம் ஆண்டில் டிக்சன் நிறுவனம் தன் திருப்பதித் தொழிற்சாலையில் சியோமியின் பெட்டிகளைச் செய்யத் தொடங்கியது. அதே ஆண்டில் சீனத்து டி.சி.எல். குழுமமும் திருப்பதிக்கு அருகே ஒரு திரைத் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது. எனினும் படம் தோன்றும் கண்ணாடித் தகடு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்து சேர்கிறது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? டிக்சன் போன்ற நிறுவனங்கள் பல வணிகப் பெயர்களுக்குப் பெட்டி செய்து தருகின்றன. பெயர் வேறாக இருந்தாலும் பிறப்பிடம் ஒன்றாக இருக்கலாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தகடு வேறாக இருக்கலாம். ஆகவே பெயரை மட்டும் பார்த்து வாங்குவது அறிவுடைமை ஆகாது. தகட்டின் தன்மையைப் பார்த்தே வாங்க வேண்டும்.

அளவு

திரையின் அளவு என்பது மூலைக்கு மூலை எடுக்கும் அளவாகும். 43 அங்குலப் பெட்டியின் திரை ஏறத்தாழ 95 செ.மீ. அகலமும் 53 செ.மீ. உயரமும் உடையது. திரையின் அகலம் நம் பார்வையில் 30 பாகை அளவுக்கு நிறைந்தால் படம் பார்ப்பதற்கு நன்றாயிருக்கும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: திரையின் அளவை 1.6ஆல் பெருக்குக, வருவதே உட்கார வேண்டிய தொலைவு. 43 அங்குலத்துக்கு 69 அங்குலம், அதாவது ஆறடிக்குச் சற்றுக் குறைவு. 55 அங்குலத்துக்கு ஏழடிக்கும் மேல் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில், கட்டிலின்மேல் சாய்ந்து பார்க்கும் நமக்கு 43 அங்குலமே போதும்.

அடுத்து, புள்ளிகளின் எண்ணிக்கை. முழு எச்.டி. திரையில் ஒரு வரிசைக்கு 1920 புள்ளிகள். 4கே திரையில் 3840. நல்ல கண் பிரித்தறியக்கூடிய நுண்மை ஏறக்குறைய ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 30 பாகைக்கு 1800 கலைகள். முழு எச்.டி. திரையின் 1920 புள்ளிகளே இதற்குப் போதும் என்பதைக் காண்க! 4கே என்பது தீங்கன்று. இவ்வளவில் வரும் பெட்டிகளில் பல இப்போது 4கே உடையனவே. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காகவே மற்றதைக் கைவிட்டுப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை.

கறுப்பு கறுப்பாக வேண்டும்

நம் விலைக்குள் வரும் பெட்டிகள் யாவும் நீர்மப் படிகத் திரை உடையவை. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிகிறது. முன்னால் உள்ள படிகங்கள் சன்னற் கதவுகளைப் போலத் திரும்பி அவ்வொளியை விடுகின்றன, அல்லது தடுக்கின்றன. கதவு எவ்வளவு இறுக மூடினாலும் சிறிது ஒளி கசியும். அந்தக் கசிவினால்தான் இரவுக் காட்சி சாம்பல் நிறமாகத் தெரிகிறது.

இத்தகடுகளில் இருவகை முதன்மையானவை. ஐ.பி.எஸ். என்னும் வகையில் வெண்மைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1000க்கு 1. வி.ஏ. என்னும் வகையில் அது 3000க்கு 1 அல்லது அதற்கும் மேல். முன்னது பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. பின்னது நேரே பார்ப்போர்க்கே சிறப்பு. அறையின் விளக்கை அணைத்துவிட்டு இருவர் மூவர் நேராக அமர்ந்து படம் பார்ப்பதாயின் வி.ஏ. நன்று. சுவரோரம் வரை நண்பர்கள் நிறைந்திருக்கும் வீட்டுக்கு ஐ.பி.எஸ். நன்று. ஓலெட் என்னும் வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் முழு இருள் கிட்டும். அதன் விலையோ நமக்கு எட்டாதது.

கைக்கும் கண்ணுக்கும் இடையே

படம் பார்ப்பவனுக்குத் தாமதம் ஒரு பொருட்டன்று. விளையாடுபவனுக்கு அதுவே எல்லாம். நாம் பொத்தானை அழுத்துகிறோம். பெட்டியோ வந்த படத்தை அழகுபடுத்திய பின்பே திரைக்கு அனுப்புகிறது. இந்த அலங்காரத்துக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு கூடச் செலவாகலாம். இது மிகச் சிறிது என்று எண்ணற்க. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து அந்நேரத்தில் ஏறத்தாழ 4 மீட்டர் கடந்துவிடும்! மட்டையை எப்போது வீசுவது?

இக்குறையைத் தீர்க்கவே ‘கேம் மோடு’ என்னும் அமைப்பு உள்ளது. அதை இயக்கினால் அலங்காரங்கள் நின்று, தாமதம் பெரிதும் குறைகிறது. பெட்டியில் இவ்வமைப்பு உண்டா என்பதை வாங்குமுன் கேட்டறிக. விளையாட்டுத் தொடங்கியதும் பெட்டி தானே அந்நிலைக்கு மாறுமாயின் இன்னும் நல்லது.

தாமதத்தை அளந்து பார்க்கவும் வழியுண்டு. மடிக்கணினியைப் பெட்டியுடன் இணைத்து, இரண்டு திரைகளிலும் ஒரே படம் தெரியச் செய்க. சுட்டியை அசைத்து, இரு திரைகளையும் ஒருசேரக் கைப்பேசியில் மெதுவோட்டப் படமாக எடுக்க. நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில் ஒரு படம் என்பது ஏறக்குறைய 4 மில்லி நொடி. மடிக்கணினியைவிடப் பெட்டி எத்தனை படம் பிந்துகிறது என்று எண்ணினால் வேற்றுமை விளங்கிவிடும்.

மேலட்டையின்மேல் எண்கள்

இனி, விளம்பர எண்களைப் பார்ப்போம். நம் விலைக்குள் கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பவை. அட்டையில் அதைவிடப் பெரிய எண் இருந்தால், அது தகட்டின் உண்மை வேகமா, வணிகர் வைத்த பெயரா என்று வினவுக. திரைப்படம் நொடிக்கு 24 படங்களால் ஆனது. 60 என்பது 24ஆல் மீதியின்றி வகுபடாது. ஆதலால் ஒரு படம் இருமுறையும் அடுத்தது மும்முறையும் காட்டப்படும். காட்சி மெல்ல நகரும்போது சிறு துடிப்பு தெரிவது இதனால்தான். 120 எனில் ஒவ்வொரு படமும் சரியாக ஐந்து முறை. ஆயினும் இதற்காக இருமடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை.

‘எச்.டி.எம்.ஐ. 2.1’ என்ற சொல்லைக் கண்டும் மயங்க வேண்டா. அந்தத் தரத்தின் சிறப்புகளுள் பல கட்டாயமானவை அல்ல. 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் பெட்டியும் அப்பெயரைத் தாங்கி வரக்கூடும். ‘எச்.டி.ஆர்.’ என்பதும் அவ்வாறே. அந்தக் குறிப்பு இருந்தால், பெட்டி அவ்வகைப் படத்தைப் பெற்றுக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். அதைக் காட்டும் ஒளிவலிமை மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் இராது.

கடைக்குப் போகும்போது

விலையைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நற்செய்தி உண்டு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளின் சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் ரூ. 20,000 விலையுள்ள பெட்டிக்கு இதனால் ரூ. 2,000 மிச்சம். முன்பு சிறிய பெட்டிக்கு மட்டும் இருந்த வரிச் சலுகை இப்போது நடுத்தரப் பெட்டிக்கும் கிட்டுகிறது. தவணையில் வாங்குவோர், வட்டியில்லை என்ற சொல்லை நம்பிவிடாமல், மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டு இரண்டையும் ஒப்பிடுக.

கடையின் பளிச்சிடும் ஒளியில் எல்லாப் பெட்டியும் அழகாகவே தோன்றும். ஆகவே கறுப்புப் பின்னணியில் சில வெள்ளை எழுத்துகள் கொண்ட படம் ஒன்றைச் சிறு நினைவகத்தில் எடுத்துச் சென்று திரையிடச் சொல்லுக. எழுத்தைச் சுற்றியுள்ள இடம் எவ்வளவு கறுப்பு என்று நேரே நின்றும், பக்கத்தில் நகர்ந்தும் பார்க்க. இந்தியத் தர நிறுவனத்தின் பதிவு எண் உண்டா, பழுது பார்க்கும் நிலையம் அருகில் உண்டா என்பவற்றையும் அறிக. தட்டையான பெட்டியில் ஒலி மெலிந்தே இருக்கும். மிச்சமான பணத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கி வாங்கினால் வசனம் தெளிவாகக் கேட்கும்.

நண்பர்களே! முதலில் தொலைவை அளக்க. அதன்பின் அளவைத் தீர்மானிக்க. அடுத்துக் கறுப்பைப் பார்க்க. அதன்பின் தாமதத்தை அளக்க. இந்நான்கும் சரியாயின் மற்ற எண்கள் எப்படியிருந்தாலும் கவலையில்லை. நம் கண்ணும் கையும் உணராத ஒன்றுக்கு நம் பெற்றோர் உழைத்த பணத்தைக் கொடுப்பானேன்?