இடுப்புக் குழி எலும்பு உடைஞ்சா மறுபடி நடக்க முடியுமா? வலி போனதும் காலை ஊன்றலாமா?

2019 நவம்பர் 16. அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் டுவா டாகோவைலோவா, எதிரணி வீரர்கள் மேலே விழ, மைதானத்தில் சரிந்தார். வலது இடுப்பு மூட்டு நழுவி, குழியின் பின்சுவர் உடைந்திருந்தது. 2 நாள்களில் அறுவை சிகிச்சை. ‘இனி ஆட முடியுமா?’ என்ற கேள்விக்கு 2020 அக்டோபர் 18-ல் பதில் கிடைத்தது. மயாமி டால்ஃபின்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். இடைவெளி, 11 மாதங்கள்.

திரும்பி வரலாம். ஆனால், அவசரப்பட்டால் சிக்கல்தான்.

உடைவது எது?

தொடை எலும்பின் உச்சியில் பந்து போன்ற பகுதி இருக்கும். அது சுழல்வதற்கு இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம் உண்டு. அதன் மருத்துவப் பெயர் ‘அசிட்டாபுலம்’. லத்தீனில் வினிகர் கிண்ணம் என்று அர்த்தம். வயதானவர்கள் வழுக்கி விழும்போது பெரும்பாலும் உடைவது தொடை எலும்பின் கழுத்து. இது வேறு.

எப்படி உடைகிறது?

கார் மோதும்போது முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. அந்த விசை தொடை எலும்பு வழியே போய், பந்தைக் குழிக்குள் சம்மட்டி மாதிரி அடிக்கிறது. பைக் விபத்து, உயரத்திலிருந்து விழுவதும் காரணங்கள். அடிபட்டவரின் காலை இழுத்துப் பார்ப்பது, உருவிவிடுவது கூடாது. அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

மாவுக்கட்டு போட்டா சரியாகாதா?

ஆகாது. இது மூட்டுக்குள் நடந்த உடைவு. எலும்பு கூடினால் மட்டும் போதாது, கிண்ணத்தின் உள்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் மேடு பள்ளம் இருந்தாலே குருத்தெலும்பு தேய்ந்து, பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரலாம். அதனால்தான் எக்ஸ்ரேயோடு சி.டி. ஸ்கேனும் எடுக்கிறார்கள்.

எலும்பு விலகாமல் இருந்தால் ஆபரேஷன் தேவைப்படாமல் போகலாம். விலகியிருந்தால் பிளேட், ஸ்க்ரூ வைத்துப் பொருத்துவார்கள். இதைப் பெரும்பாலும் 2 வாரங்களுக்குள் செய்வது நல்லது. பந்தும் நழுவியிருந்தால் அது அவசர நிலை. பந்துக்கான ரத்த ஓட்டம் தடைபடும் என்பதால், 6 மணி நேரத்துக்குள் திரும்பப் பொருத்தப் பார்ப்பார்கள்.

எப்போது நடக்கலாம்?

ஆபரேஷன் முடிந்த ஓரிரு நாளில் வாக்கர் பிடித்து எழுந்து நிற்க வைப்பார்கள். ஆனால், அடிபட்ட கால் தரையைத் தொடலாம், எடையைத் தாங்கக் கூடாது. பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் வரை இதே நிலைதான்.

பலர் தடுமாறுவது இங்கேதான். நாலாவது வாரத்தில் வலி குறையும். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று பாத்ரூம் வரைக்கும் வாக்கர் இல்லாமல் நடந்து பார்ப்பார்கள். எலும்பு இன்னும் கூடியிருக்காது. பொருத்திய துண்டு விலகினால் மறுபடி ஆபரேஷன் வரை போகலாம். முடிவு செய்ய வேண்டியது வலி அல்ல, எக்ஸ்ரே.

வீட்டில் என்ன கவனிக்கணும்?

* வெஸ்டர்ன் டாய்லெட், உயரமான நாற்காலி. சம்மணம், குத்த வைப்பது வேண்டாம்.
* ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனை.
* பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்றால் நரம்பு பாதித்திருக்கலாம். உடனே சொல்ல வேண்டும்.
* சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.
* உட்கார்ந்து பார்க்கும் வேலையை வீட்டிலிருந்தே முன்னதாகத் தொடங்கலாம். அலைச்சல் வேலைக்குப் பல மாதங்கள் ஆகும்.

நடந்துட்டா முடிஞ்சுதா?

இல்லை. சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்தும் பந்துப் பகுதி ரத்த ஓட்டமின்றிச் சிதையலாம், மூட்டு தேயலாம். அப்போது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதனால் செக்-அப்பைத் தவறவிடக் கூடாது.

டாக்டரிடம் எல்லோரும் கேட்பது, ‘எப்போ நடக்கலாம்?’ அதைவிட முக்கியமான கேள்வி: ‘இப்போ இந்தக் காலில் எவ்வளவு எடை வைக்கலாம்?’ ஒவ்வொரு செக்-அப்பிலும் அதைக் கேளுங்கள்.