தரை ஆமைகளின் ஆதிக்கச் சண்டை

தரை ஆமைகளின் ஆதிக்கச் சண்டை என்பது ஒரே அடைப்பில் வளரும் ஆமைகள் உணவு, மறைவிடம், வெயில் காயும் இடம், இணை ஆகியவற்றுக்காக ஒன்றையொன்று முட்டியும் கடித்தும் விரட்டியும் நடந்துகொள்வதைக் குறிக்கும். ஆமை சாதுவான உயிரினம் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், இந்தச் சண்டை பல நேரங்களில் கவனிக்கப்படாமல் போகிறது.

காரணம்

பெரும்பாலான தரை ஆமைகள் எல்லை வகுத்துக் காவல் காப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு நடமாட்டப் பரப்பில் மேய்கிறது. இரண்டின் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியவும் கூடும். காட்டில் இரு ஆண் ஆமைகள் மோதினால், தோற்றது விலகிச் சென்றுவிடும். சண்டை அத்துடன் முடியும். நான்கு சுவருக்குள் விலகிச் செல்ல இடமில்லை. அதனால் ஒரே மோதல் நாள்தோறும் தொடர்கிறது.

சண்டை முறை

ஆமை தலையை உள்ளிழுத்துக்கொண்டு ஓட்டின் முன்பகுதியால் எதிரியை முட்டும். கால்களையும் கழுத்தையும் கடிக்கும். கீழோட்டின் முன் நுனியை எதிரியின் அடியில் செலுத்திப் புரட்ட முயலும். மடகாசுகரின் கலப்பை ஆமையில் இந்த நுனி கொழுப்போல நீண்டிருக்கும். புரண்ட ஆமை வெயிலில் கிடந்தால் உடல் சூடேறி இறக்கக்கூடும்.

இந்திய நட்சத்திர ஆமை

தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், வடமேற்கு இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய இடங்களின் வறண்ட புதர்க்காடுகளில் இந்த இனம் வாழ்கிறது. பெண் ஆமை ஆணைவிடப் பெரியது. ஆணின் வால் நீளமானது. மழைக்காலத்தில் இனப்பெருக்கம் நடக்கும்போது ஆண்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளும். ஆனால் வேறு பல தரை ஆமைகளோடு ஒப்பிட்டால் இது அமைதியானது.

புரண்டால் தானே நிமிர்வதற்கு இதன் குவிந்த ஓடு உதவுகிறது. அங்கேரிய ஆய்வாளர்கள் காபோர் தோமோகோசும் பீட்டர் வார்கோனியும் உருவாக்கிய, எப்படிக் கவிழ்த்தாலும் ஒரே நிலைக்குத் திரும்பும் 'கோம்போட்ச்' என்ற வடிவத்தை இந்த ஓடு பெரிதும் ஒத்திருக்கிறது. அவர்களது ஆய்வு 2008இல் வெளியானது.

அறிகுறிகள்

சத்தமான மோதலைவிட ஓசையற்ற ஆதிக்கமே அதிகத் தீங்கு செய்யும். ஒன்று எப்போதும் மற்றொன்றின் பின்னால் செல்லுதல், உணவுத் தட்டின் மேல் ஏறி நிற்றல், வழியை மறித்தல் ஆகியவற்றைப் பார்ப்பவர் 'இரண்டும் நட்பாக இருக்கின்றன' என்று நினைப்பதுண்டு. ஒடுக்கப்பட்ட ஆமை மூலையில் பதுங்கும், குறைவாக உண்ணும், எடையும் வளர்ச்சியும் குன்றும். நாளடைவில் நோய்வாய்ப்படும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்தால் இதை முன்கூட்டியே அறியலாம்.

தடுக்கும் வழி

இரண்டே ஆமைகளைச் சேர்த்து வைப்பது தவறு. முழு ஆதிக்கமும் ஒன்றின் மேலேயே விழும். ஆண்களைத் தனித்தனியே வைக்க வேண்டும். ஒரு ஆணுக்குப் பல பெண்கள் இருப்பது நல்லது. உணவைப் பல இடங்களில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி மறைவிடம் அமைத்து, கற்களாலும் செடிகளாலும் பார்வையை மறைக்கலாம். வேறு இனங்களைக் கலக்கக் கூடாது. லால்குடி போன்ற ஆற்றுப்பாசன ஊர்களின் வாய்க்காலிலும் குளத்திலும் வாழ்பவை நன்னீர் ஆமைகள். அவற்றைப் பிடித்துத் தரை ஆமையோடு விடுவது இரண்டுக்குமே கேடு. கடித்துக் காயம் ஏற்பட்டால், தடுப்பு வைத்தால் போதாது. நிரந்தரமாகப் பிரித்துவிட வேண்டும்.

சட்ட நிலை

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று பழமொழி சொன்னாலும், நட்சத்திர ஆமை செல்வம் தரும் என்று நம்பி அதை வாங்குவோர் உள்ளனர். இந்தியாவில் இதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இது முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2019இல் சைட்டிசு உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டதால் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டுள்ளது. கடத்தல்காரர்கள் பல ஆமைகளை ஒரே பெட்டியில் அடைப்பதால் நெரிசலும் நோயும் பரவுகின்றன.

இத்தகைய ஆமை கையில் கிடைத்தால் வயலிலோ கோயில் குளத்திலோ விடக் கூடாது. தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது, குளத்தில் மூழ்கிவிடும். நோயுள்ள ஆமை காட்டு ஆமைகளுக்கும் நோயைப் பரப்பும். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.