அஷ்டமியில் ஒரு தூண்டில் பயணம்



இந்த வாரம் சம்பள உயர்வைப் பற்றியோ வீடமைப்பைப் பற்றியோ எழுதப் போவதில்லை. மீன் பிடிக்கப் போன கதையைச் சொல்லப் போகிறேன். “சங்கத்து ஆளுக்குத் தூண்டில் போட நேரம் கிடைக்குதா?” என்று சிலர் கேட்கலாம். கிடைக்கிறது, ஆண்டுக்கு ஒரே ஒரு நாள். கடைசி வரை படித்துப் பாருங்கள். இது உங்கள் சம்பளச் சீட்டின் கதையும்கூட என்பது விளங்கும்.

நாங்கள் ஆறு பேர். பெஸ்தாரி ஜெயா பக்கத்தில், அதாவது அந்தக் காலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில், ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். ஒரே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர்கள். பள்ளி விட்டதும் புத்தகப் பையை வீட்டுக்குள் எறிந்துவிட்டு அல்லூறுக்கு ஓடுவோம். மூங்கில் கம்பு, ஒரு முழம் நரம்பு, மண்புழு. கெளுத்தி கிடைக்கும், சில நாள் விரால் கிடைக்கும், பல நாள் அம்மாவிடம் அடிதான் கிடைக்கும்.

இன்றைக்கு அந்தத் தோட்டம் இல்லை. லயம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. ஒருவன் கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். ஒருவன் ரவாங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளன். ஒருவன் ஷா ஆலமில் காவலாளி. ஒருவன் தஞ்சோங் காராங்கில் பள்ளிக்கூடத் தோட்டக்காரனாக இருந்தான். ஒருவன் செம்பனைக் குலை வெட்டுகிறான். ஆறாவது ஆள் நான். 2013இல் ஒரு பெரியவர் இறந்த வீட்டில்தான் ஆறு பேரும் பல வருடம் கழித்து ஒன்றாக நின்றோம். “சாவுக்கு மட்டும்தான் சந்திக்கணுமாடா?” என்று லாரிக்காரன் கேட்டான். அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் எங்கள் ஆண்டுப் பயணம். 2014 முதல் பாசிர் பெனம்பாங் போகத் தொடங்கினோம்.

பாசிர் பெனம்பாங்

கோலசிலாங்கூர் பட்டணத்துக்கு எதிர்க்கரை பாசிர் பெனம்பாங். மலாயில் ‘பாசிர்’ என்றால் மணல், ‘பெனம்பாங்’ என்றால் ஆளைக் கரை கடத்தும் படகு. பெயரிலேயே பழைய கதை இருக்கிறது. இப்போது பாலம் இருக்கிறது. சீன மீனவர்களின் பலகை வீடுகள், வரிசையாகக் கட்டிய படகுகள், கடல் உணவுக் கடைகள், கருவாட்டு வாடை. சம்பளம் போட்ட மறுநாள் கோலசிலாங்கூருக்குக் கருவாடு வாங்க வந்த தாய்மார்கள் இதைப் படித்தால், அந்த வாடை இப்போதே மூக்கில் ஏறும்.

சிலாங்கூர் ஆறு கோலகுபு பக்கத்து மலையில் பிறந்து, நமது தோட்டங்களின் ஓரமாகவே ஓடி வந்து, இங்கே மலாக்கா நீரிணையில் விழுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஆற்றுத் தண்ணீர்தான். இதன் கரையில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. நடத்தியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை. பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோங்கூர் பரிசைப் பெற்றது. துரையின் பெயர் புத்தகத்தில் நிற்கிறது. குழி வெட்டிக் கன்று நட்ட நம் பாட்டன் பாட்டிகளின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஆனாலும் தோட்டத்தின் பெயர் நம் மொழியில்தான் இருக்கிறது: தென்னைமரம்!

இறாலுக்கு முகூர்த்தம்

நாங்கள் தேடிப் போவது ‘ஊடாங் காலா’ என்கிற பெரிய ஆற்று இறால். ஆண் இறாலுக்கு நீல நிறத்தில் முழ நீளக் கையா என்று தோன்றும்படி இரண்டு கொடுக்கு இருக்கும். வாடகைப் படகில் முகத்துவாரத்திலிருந்து மேலே போய், பெரம்பாங் மரங்கள் நிற்கிற கரையோரமாகக் கட்டிக்கொண்டு, ஈயக்குண்டு தரையைத் தொடும்படி நரம்பை இறக்க வேண்டும். இறால் வெடுக்கென்று இழுக்காது. கொடுக்கால் இரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகரும். அவசரப்பட்டுத் தூக்கினால் வெறும் முள்தான் வரும். பொறுத்திருந்து, நிதானமாகத் தூக்க வேண்டும்.

இதற்கு நாள் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெருக்கும் வற்றும் அதிகம். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஆற்றில் தண்ணீர் வேகமாக ஏறி வேகமாக இறங்கும். குண்டு தரையில் நிற்காது. அரை நிலா நாளில் இழுப்பு குறையும், தண்ணீர் அடங்கி நிற்கும். அரை நிலா என்றால் நமக்கு என்ன? அஷ்டமி! அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். இறாலுக்கு மட்டும் அஷ்டமியும் அதை ஒட்டிய இரண்டு நாளும்தான் முகூர்த்தம்.

இன்னொரு சேதியும் சொல்கிறேன். இந்த இறால் ஆற்றில் வாழ்ந்தாலும் அதன் குஞ்சு நல்ல தண்ணீரில் பிழைக்காது. தாய் இறால் முட்டையைச் சுமந்துகொண்டு உப்புக் கலந்த முகத்துவாரத்துக்கு இறங்கி வரும். குஞ்சு அங்கே வளர்ந்து, பிறகு ஆற்றில் மேலே ஏறும். குஞ்சுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும் என்பதை 1960களின் தொடக்கத்தில் பினாங்கில் இருந்த மீன்வள ஆய்வு நிலையத்தில்தான் கண்டுபிடித்தார்கள். ஷாவ் வென் லிங் என்ற நிபுணர் கண்டுபிடித்தார். உலகில் இந்த இறாலை வளர்க்கும் பண்ணைகளுக்கெல்லாம் அதுதான் அடிப்படை. அதனால்தான் முட்டையோடு சிக்கும் இறாலை நாங்கள் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். பிள்ளைத்தாச்சியைச் சட்டிக்கு அனுப்பலாமா?

துரைமார் பொழுதுபோக்கா?

கைத்தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பூச்சி போல இறகு கட்டிய தூண்டிலைச் சாட்டை மாதிரி வீசுவார்கள். அந்த விளையாட்டுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. தமிழர்கள் கொழுந்து பறித்த நுவரெலியாவிலும், மூணாறு மலையிலும், நீலகிரியிலும் வெள்ளைக்காரத் துரைமார்கள் தங்கள் நாட்டு டிரவுட் மீனைக் கொண்டு வந்து ஓடைகளில் விட்டது இந்த விளையாட்டுக்காகத்தான். தென்னிந்தியக் காட்டுக்கோழியின் கழுத்திறகு கப்பலேறிச் சீமைக்குப் போய்த் தூண்டிலில் ஏறியது. துரை ஓடையில் நின்றார். கூடை சுமந்தவன் மலையில் நின்றான். ஓய்வு என்பது துரைக்கு உள்ளது, வேலை என்பது கூலிக்கு உள்ளது என்று அன்று வகுத்து வைத்திருந்தார்கள்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையிலேயே ஏறிவிட்டதா? என் கூட்டாளியின் கதையைக் கேளுங்கள்.

எண்பது நாள்

அஷ்டமி நமக்காக ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வராது. ஆகவே எங்கள் பயணத்துக்கு எல்லாரும் ஒரு நாள் விடுமுறை எடுக்க வேண்டும். 2014இல் ஐந்து பேர் வந்தோம். குலை வெட்டுகிறவன் வரவில்லை. “எனக்கு யாருடா லீவு குடுக்கிறா? வந்தா காசு, வராட்டி இல்ல. நீங்க போய்ட்டு வாங்க” என்றான். அடுத்த ஆண்டும் அதே பதில். 2016, 2017, 2018, அதே பதில்தான். சரி, அவனுக்கு வேலைதான் பெரிது என்று கேலி பேசிவிட்டுப் படகேறினோம்.

2018 கடைசியில் வேறு வேலையாக அவன் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஆறுகிற நேரத்தில், “2008இலேருந்து இதே காண்டிராக்ட்காரன்கிட்டதான் இருக்கேன்” என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து ஆண்டு ஒரே முதலாளியிடம்! தோட்டத்து நேரடித் தொழிலாளியானாலும் காண்டிராக்ட்காரனின் தொழிலாளியானாலும் சட்டம் ஒன்றுதான். ஐந்து ஆண்டுக்கு மேல் ஆனவனுக்கு ஆண்டுக்கு 16 நாள் சம்பளத்தோடு விடுமுறை. நாங்கள் படகில் போன ஐந்து ஆண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டேன். ஐந்து பதினாறு எண்பது.

“எம்பது நாளாடா?” என்று கேட்டான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் விடுமுறை கேட்டு, முதலாளி மறுத்திருந்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போக ஒரு வழி இருந்திருக்கும். அவன் கேட்கவே இல்லை. உண்டு என்று தெரிந்தால்தானே கேட்பான்? தோட்டம் தோட்டமாகப் போய்ச் சட்டம் பேசுகிற நான், சின்ன வயதிலிருந்து கூடவே இருந்தவனிடம் ‘யாரிடம் வேலை, எத்தனை வருடம்?’ என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. விளக்குக்கு அடியில்தான் இருட்டு. அந்தத் தவறு என்னுடையது.

மறுவாரம் இருவரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். காண்டிராக்ட்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு கொடுத்தார். 2019இல் முதல் தடவையாக ஆறு பேரும் ஒரே படகில் ஏறினோம். குலை வெட்டுகிறவன் தன் பெஞ்சுக் கூட்டாளியான பள்ளித் தோட்டக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்று இறால் பிடித்தான். மூன்றையும் அவனே படம் எடுக்கச் சொன்னான். பொழுது சாய்ந்து திரும்பும்போது பெரம்பாங் மரங்களில் மின்மினி ஏறிவிட்டது. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பழைய கதையைப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

2020, 2021இல் நடமாட்டக் கட்டுப்பாடு. பயணம் இல்லை. 2021 ஆகஸ்டில் பெஞ்சுக் கூட்டாளியைக் கொரோனா கொண்டு போய்விட்டது. கடைசியாக முகம் பார்க்கக்கூட எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

2022இல் ஐந்து பேராகப் போனோம். நடு ஆற்றில், நரம்பைப் பார்த்தபடியே குலை வெட்டுகிறவன் சொன்னான்: “எம்பது நாளு காசு போனா போவட்டும்டா. அந்த அஞ்சு தடவையும் அவன்கூட வந்திருப்பேன்ல?”

சங்கத்தில் இருபது ஆண்டாகப் பல கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் கணக்கு என்ன?

ஆகவே, சகோதரர்களே, தீபகற்ப மலேசியாவில் நடப்பில் இருக்கும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள். இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 16 நாள். வாராந்திர ஓய்வு நாளும் பொது விடுமுறையும் இதில் சேராது, அது தனி.

குலைக் கணக்கில், எடைக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கும் உண்டு. போன சம்பள காலத்தில் சாதாரண வேலை நாளில் எடுத்த சம்பளத்தை, வேலை செய்த நாளால் வகுத்தால் வருவதுதான் அவருடைய ஒரு நாள் விடுமுறைச் சம்பளம்.

பன்னிரண்டு மாதம் உழைத்துச் சேர்த்த விடுமுறையை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் உரிமை போய்விடும். ‘வேலை அதிகம், எடுக்காதே’ என்று முதலாளி எழுத்தில் கேட்டு, நீங்களும் எழுத்தில் சம்மதித்தால் அதற்குப் பதில் பணம் தர வேண்டும். வாய்ச்சொல் போதாது.

அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் ஆண்டு வேலை நாளில் 10 விழுக்காட்டுக்கு மேல் மட்டம் போட்டால் அந்த ஆண்டு விடுமுறை கிடையாது. உரிமை பேசுகிற நாம் பெரட்டுக்கும் ஒழுங்காகப் போக வேண்டும்.

பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிக்கும் இதே சட்டம்தான். அவரிடமும் சொல்லுங்கள். ஒரு காலத்தில் நம் பாட்டனும் இந்த மண்ணுக்கு அப்படித்தான் வந்தார்.

விடுமுறையை எழுத்தில் கேளுங்கள். நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தாலும் சரி. எழுதத் தெரியாவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

எடுத்த விடுமுறையில் மீன்தான் பிடிக்க வேண்டும் என்பதில்லை. கோயிலுக்குப் போங்கள், பிள்ளையின் பள்ளிக்குப் போங்கள், பழைய கூட்டாளியைத் தேடிப் போங்கள். படகேறினால் மட்டும் மிதவைச் சட்டையை மறக்காதீர்கள். நீச்சல் தெரியும் என்று யாரும் வீரம் பேச வேண்டாம்.

எங்கள் படகில் இப்போது மறுபடியும் ஆறு பேர். பெஞ்சுக் கூட்டாளியின் மகன் வருகிறான். அப்பாவின் தூண்டில் கோலைத்தான் கொண்டு வருகிறான். இறால் இழுத்தால் உடனே தூக்கிவிடுகிறான். “பொறுடா தம்பி, பொறு” என்று குலை வெட்டுகிறவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறான்.

அடுத்த பயணத்துக்கு நாள்காட்டியில் அஷ்டமி பார்த்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வருகிறது. ஆறு பேரில் முதலில் விடுமுறைக் கடிதம் கொடுத்தவன், குலை வெட்டுகிறவன்தான்.