பிரயாணிகளின் மலேரியாவும் மண்ணீரல் கிழிவும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது விழிஞ்ஞம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அண்டைக் கடற்கரைகளின் மீனவரும் படகுகளுடன் இதன் வளைகுடாவை நாடி வருவர். 2025 மே 2ஆம் நாள் இங்கு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெருந்துறைமுகத்தின் கட்டுமான வேலைக்குப் பிற மாநிலத் தொழிலாளரும் வந்தனர். ஆட்கள் இவ்வாறு வந்துபோகும் ஊருக்கு மலேரியாக் கிருமியும் அவர்களுடன் வந்துசேர்தல் இயல்பே. கேரளத்தில் காணும் மலேரியாவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதாகும். எனினும் 1996இல் இதே கடற்கரையின் வலியதுறையில் அது உள்ளூரிலேயே பரவிற்று.

மலேரியாவை மண்ணீரலைக் கொண்டு அளப்பது பழைய வழக்கம். 1840களில் டெம்ப்ஸ்டர் என்னும் மருத்துவர் யமுனைக் கால்வாய்க் கரைக் கிராமத்தாரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, வீங்கிய மண்ணீரல் உடையோரின் விகிதத்தால் நோயின் கடுமையை மதிப்பிட்டார். இதனால் பெரிய மண்ணீரலே பெரிய அபாயம் என்ற எண்ணம் கள ஊழியரிடையே வேரூன்றிவிட்டது. அது முழுதும் சரியன்று.

மலேரியா நிலவும் இடத்தில் பிறந்து வளர்ந்தவனின் மண்ணீரல் ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெருக்கிறது. அதன் உறையும் தடித்து இறுகுகிறது. எதிர்ப்பாற்றல் இல்லாத பிரயாணிக்கு நேர்வது வேறு. ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள அவ்வுறுப்பு சில நாட்களிலேயே இரத்தத்தால் விம்முகிறது. மெல்லிய உறை அவ்வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாமல் இழுபடுகிறது. பின்னர் ஓர் இருமலோ, வாந்தியோ, படகைக் கரையேற்றும் முயற்சியோ போதும், உறை கிழிந்துவிடும். யாதொரு காரணமுமின்றிக் கிழிவதும் உண்டு. இது அரிது, ஆயினும் உள்ளே பெருகும் இரத்தத்தால் உயிர் போகலாம். வைவாக்ஸ் வகையை எளியது என்று எண்ணுவோர் பலர். இவ்விபத்து அவ்வகையிலும் நேர்கிறது.

பழைய வீக்கமும் அடிபட்டால் தாங்காது. 1875இல் ஆக்ராவில் புல்லர் என்னும் ஆங்கில வழக்கறிஞர் தம் குதிரைக்காரரை அடிக்க, வீங்கியிருந்த மண்ணீரல் கிழிந்து அவர் இறந்தார். விதிக்கப்பட்ட தண்டம் 30 ரூபாய். அடுத்த ஆண்டு வைஸ்ராய் லிட்டன் பிரபுவே அத்தீர்ப்பைக் கண்டித்தார். மண்ணீரலின் மென்மை குற்றவாளிக்குச் சாக்காயிற்று என்பது வேதனைக்குரியது.

ஊழியர் கவனிக்க வேண்டியது வலியை. மலேரியா நோயாளிக்கு இடப்புற விலாவின் கீழ் வலி தோன்றி, இடத் தோளிலும் அது உணரப்பட்டால், காய்ச்சல் தணிந்துவந்தாலும் அசட்டை கூடாது. மருந்து தொடங்கிய பிறகும் கிழிவு நேரலாம். தலைச்சுற்றல், விரைந்த மெல்லிய நாடி, வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை ஆகியன இரத்தம் வடிவதைக் காட்டும். அப்போது வயிற்றை மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்த்தல் தவறு. நடக்கவிடாமல் படுக்கவைத்தே, அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். ஆஸ்பிரின் தரலாகாது. மருத்துவரிடம், நோயாளி அண்மையில் எவ்வூரில் தங்கினார் என்பதையும் இரத்தப் பரிசோதனை முடிவையும் முதலில் கூறுதல் நலம். மலேரியா என்று தெரியாவிடில் வயிற்றுவலியின் காரணம் வேறெங்கோ தேடப்படும்.

இரத்தப்போக்கு நின்று நாடி சீராக இருந்தால், கண்காணிப்பிலேயே மண்ணீரலைக் காப்பாற்ற இயலும். இல்லையேல் அதை அகற்ற நேரிடும். குணமாகி வேலைக்குத் திரும்புவோர் பளு தூக்குவதையும், மாணவராயின் கபடி, பந்தாட்டம் ஆகியவற்றையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்க வேண்டும். மண்ணீரல் இழந்தவர்க்கு நிமோனியாக் கிருமி முதலியவற்றிற்கான தடுப்பூசி அவசியம். காய்ச்சல் கண்ட அன்றே அவர்கள் மருத்துவரை அடைய வேண்டும்.